ஃபோர்க்லிஃப்ட் தேர்வு: முக்கோணம் புரிந்தால் விதிகள் தானாக வரும்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் வழக்கமாக இருப்பது ஒரு விதிப்பட்டியல். லோடோடு சரிவில் இறங்கினால் பின்னோக்கி ஓட்டு. லோடை உயர்த்தி வைத்துக்கொண்டு திரும்பாதே. வண்டி காலியாக இருந்தாலும் வேகமாகத் திருப்பாதே. ஃபோர்க்குகளை (லோடைத் தாங்கும் இரண்டு இரும்புக் கரங்கள்) முடிந்தவரை அகலமாக வை. மனப்பாடம் செய்தால் எழுத்துத் தேர்வில் ஓரளவு தேறலாம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலோ, செய்முறைத் தேர்வில் கை நடுங்க ஆரம்பித்தாலோ மனப்பாடம் கைவிட்டுவிடும். இந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடையின் மையம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு விதிகளைத் தனித்தனியாகப் படிக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

இங்கே பேசுவது கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் அதிகம் ஓடும் கவுண்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்டைப் பற்றி. முன்னால் மாஸ்ட்டும் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துத் தூண்) ஃபோர்க்கும், பின்னால் கனத்த இரும்பு எதிர் எடையும் உள்ள, உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஒரகடத்திலோ ஓசூரிலோ சிங்கப்பூரிலோ பயிற்சி எடுத்தாலும் இதன் இயற்பியல் ஒன்றுதான்.

என்ன தேர்வு, யார் தருவது

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. எல்லோரும் படிக்கக்கூடிய வகையில் தெளிவாக எழுதப்பட்டவற்றுள் ஒன்று அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, எண் 1910.178. அதன் பயிற்சிப் பகுதி 1998 டிசம்பரில் வெளியானது. அதன்படி ஓட்டுநர் மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும்: பாடம், செய்முறைப் பயிற்சி, வேலையிடத்தில் அவர் ஓட்டுவதைத் தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிடுவது. மூன்றும் முடிந்தபின் சான்றளிப்பது முதலாளியின் பொறுப்பு. அரசு அலுவலகம் எதுவும் அட்டை தருவதில்லை. சான்றில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: ஓட்டுநரின் பெயர், பயிற்சி நடந்த தேதி, மதிப்பீடு நடந்த தேதி, பயிற்சி அல்லது மதிப்பீடு செய்தவர் யார் என்பது. மதிப்பீட்டை 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்ய வேண்டும். விபத்தோ மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தாலும், ஓட்டும் விதம் பாதுகாப்பாக இல்லை என்று கண்டாலும், வேறு வகை வண்டிக்கு மாற்றினாலும் இடையிலேயே மறுபயிற்சி உண்டு. 18 வயது நிரம்பாதவர் அங்கே இந்த வண்டியை ஓட்டவே கூடாது.

இதனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இணையத்தில் ஒரு மணி நேரம் காணொளி பார்த்து, கேள்விகளுக்குப் பதில் தட்டி, அச்செடுக்கும் சான்றிதழ் முதல் கட்டத்தை மட்டுமே முடித்துத் தருகிறது. வண்டியில் ஏறி ஓட்டிக் காட்டாத யாருக்கும் அது முழுச் சான்று ஆகாது. பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன் சக்கரம்தான் நடுவில் உள்ள தாங்கி

பூங்காவில் உள்ள சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்லிஃப்டில் நடுத்தாங்கி முன் அச்சு. ஒரு பக்கம் லோடு, மறுபக்கம் வண்டியின் உடலும் எதிர் எடையும். லோடு கனத்தாலும் பலகை முன்னால் சாயும். அதே லோடு தாங்கியிலிருந்து தள்ளிப் போனாலும் சாயும். எடை, தூரம் இரண்டும் பெருக்கிவரும் தொகைதான் கணக்கு. 'இந்த வண்டி 2.5 டன் தூக்கும்' என்று சொல்வது எப்போதும் பாதி வாக்கியம். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்பது மீதிப் பாதி.

அந்த மீதியைச் சொல்வது டேட்டா பிளேட். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும் உலோகத் தகடு. வண்டியின் மாடல், சொந்த எடை, அதிகபட்ச உயர்த்தும் உயரம், இத்தனை லோடு சென்டரில் இத்தனை கிலோ என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். தேய்ந்து படிக்க முடியாமல் போன தகடு இருந்தால் அதுவே ஒரு குறை. தகட்டைப் படிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

லோடு சென்டர் என்பது ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியின் முன்முகத்திலிருந்து லோடின் எடை மையம் வரையுள்ள கிடைமட்டத் தூரம். 1 டன் முதல் 5 டன்னுக்குக் கீழ் வரையான வண்டிகளுக்கு இது வழக்கமாக 500 மி.மீ. என்று எடுக்கப்படும், 5 டன் முதல் 10 டன் வரை 600 மி.மீ. அமெரிக்க வண்டிகளில் 24 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 610 மி.மீ. என்று இருக்கும்.

இங்கேதான் முதல் சறுக்கல் நடக்கிறது. தகட்டில் '2500 கிலோ, 500 மி.மீ.' என்று இருக்கிறது. முன்னால் இருப்பது 1200க்கு 1000 மி.மீ. பேலட், அதாவது சரக்கை அடுக்கும் தட்டு. சீராக அடுக்கிய சரக்கு. 1200 பக்கத்தில் ஃபோர்க்கை நுழைத்தால் பேலட்டின் ஆழம் 1000. அதன் மையம் 500இல் விழும். தகட்டில் சொன்னபடியே 2500 கிலோ தூக்கலாம். அதே பேலட்டை 1000 பக்கத்திலிருந்து எடுத்தால் ஆழம் 1200 ஆகிறது. மையம் 600க்குப் போய்விடும். எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை, வண்டியின் தாங்குதிறன் மட்டும் குறைந்துவிட்டது.

எவ்வளவு குறைந்தது என்று கண்டுபிடிக்கப் பயிற்சிகளில் ஓர் எளிய கணக்கு சொல்லித் தருவார்கள். தகட்டில் உள்ள எடையைத் தகட்டின் லோடு சென்டரால் பெருக்கி, உண்மையான லோடு சென்டரால் வகுக்க வேண்டும். 2500 பெருக்கல் 500 வகுத்தல் 600, ஏறத்தாழ 2083 கிலோ. 1400 மி.மீ. ஆழமுள்ள பெட்டியானால் மையம் 700. விடை ஏறத்தாழ 1785 கிலோ. இந்தக் கணக்கு முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரையுள்ள தூரத்தை விட்டுவிடுகிறது. அதனால் உண்மையைவிடக் குறைந்த விடை வரும், பாதுகாப்பான பக்கமே நிற்கும். அந்தத் தூரம் 450 மி.மீ. என்று வைத்து முழுக்கணக்குப் போட்டால் 700க்கு 2065 கிலோ வரை வரும். அதற்காக முழுக்கணக்கைப் போட்டுக் கூடுதலாகத் தூக்கலாம் என்று முடிவுகட்டாதீர்கள். தயாரிப்பாளர் தகட்டில் கொடுக்காத எடையைத் தூக்கும் உரிமை ஓட்டுநருக்கு இல்லை. எளிய கணக்கு 'இது சரிப்படாது' என்று சட்டென்று கண்டுகொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஒருபக்கம் கனத்த இயந்திரம், பாதி நிரம்பிய பீப்பாய்கள், ஓரம் நீட்டிய குழாய்கள் போன்றவற்றில் மையம் நடுவில் இருக்காது. கனமான பக்கம் மாஸ்ட்டை ஒட்டி வரும்படி எடுக்க வேண்டும். பேலட்டின் எடையையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். சைடு ஷிஃப்டர் (ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்துவது), கிளாம்ப் (லோடை இருபக்கமும் இறுக்கிப் பிடிப்பது) போன்ற இணைப்புகள் பொருத்தியிருந்தால் அவற்றின் எடையும் சேரும், லோடும் முன்னால் தள்ளிப்போகும். இணைப்பு பொருத்திய வண்டிக்குத் தகடும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்க வேண்டும். தேர்வாளர் 'இந்த வண்டி எவ்வளவு தூக்கும்?' என்று கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்லி நிறுத்தாதீர்கள். எண், லோடு சென்டர், உயரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்கு சக்கரம், ஆனால் முக்கோணம்

பக்கவாட்டுக்கு வருவோம். வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில். முன் அச்சு வண்டியின் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைந்தது. பின் அச்சோ நடுவில் ஒரே முளையில் தொங்குகிறது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப இரு பக்கமும் ஆடும். ஆகவே வண்டியைத் தாங்குவது இரண்டு முன் சக்கரங்களும் பின் அச்சின் நடு முளையும். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருவதுதான் நிலைத்தன்மை முக்கோணம். எடை மையத்திலிருந்து தொங்கும் தூக்குநூல் இந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். முன் கோட்டைத் தாண்டினால் குப்புறச் சாயும். பக்கக் கோட்டைத் தாண்டினால் பக்கவாட்டில் கவிழும். பின் அச்சின் ஆட்டம் ஒரு கட்டத்தில் சட்டத்தில் இடித்து நிற்கும்; அதை நம்பி இருக்க முடியாது, அந்தக் கட்டத்தில் வண்டி ஏற்கெனவே சாய ஆரம்பித்திருக்கும்.

காலி வண்டியில் எடை மையம் பின்னால், எதிர் எடைக்கு அருகில் இருக்கிறது. முக்கோணம் பின்னால் குறுகலானது. அதனால் பக்கக் கோடு மிக அருகில் இருக்கிறது. லோடு ஏற்றும்போது மையம் முன்னால், முக்கோணத்தின் அகன்ற பகுதிக்கு நகர்கிறது. இதனால்தான் காலி வண்டி வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் எளிதாகக் கவிழும். 'லோடு இல்லையே' என்று வேகம் எடுக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. எழுத்துத் தேர்வில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 'காலி வண்டி கவிழாது' என்ற தெரிவைப் பார்த்தவுடன் அடித்துவிடுங்கள்.

திருப்பத்தில் மையத்தை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 6 கிலோமீட்டரில் எடுத்த திருப்பத்தையே 12இல் எடுத்தால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இதோடு உயரத்தைச் சேருங்கள். ஃபோர்க் தரைக்கு 15 செ.மீ. மேலே இருக்கும்போது மாஸ்ட் முன்னோக்கி 3 பாகை சாய்ந்தால் லோடு சுமார் 8 மி.மீ. முன்னால் போகும். 4 மீட்டர் உயரத்தில் அதே 3 பாகை லோடை ஏறத்தாழ 210 மி.மீ. முன்னால் தள்ளும். பக்கவாட்டிலும் அப்படியே: முன் சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரம் 2 செ.மீ. மரத்துண்டின் மேல் ஏறினாலே 4 மீட்டர் உயரத்தில் உள்ள லோடு 8 செ.மீ. ஓரம் போய்விடும்.

இந்த எண்களை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் லோடை உயர்த்திவைத்து ஓட்டமாட்டார். பயணத்தின்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ., மாஸ்ட் பின்னோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். உயரத்தில் முன் சாய்வு கொடுப்பது ரேக்கின் (சரக்கு வைக்கும் இரும்புச் சட்டம்) மேலோ அடுக்கின் மேலோ லோடை வைக்கும்போது மட்டும். உயரத்தில் பின் சாய்வும் லோடை நிலைப்படுத்தும் அளவுக்கு மட்டும் போதும்.

சரிவு: கனமான பக்கம் மேட்டைப் பார்க்கட்டும்

சரிவைப் பற்றி நான்கு விதிகள் படிப்பதற்குப் பதில் ஒன்றை நினைவில் வையுங்கள். கனமான பக்கம் எப்போதும் மேட்டுப் பக்கம். லோடு இருந்தால் கனம் ஃபோர்க் பக்கம்; ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. லோடு இல்லையென்றால் கனம் எதிர் எடைப் பக்கம். ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே காலி வண்டி ஏறும்போது பின்னோக்கி, இறங்கும்போது முன்னோக்கி. லோடோடு முகம் கீழ்நோக்கி இறங்கினால் எடை மையம் முன் அச்சைத் தாண்டப் பார்க்கும், சரக்கும் ஃபோர்க்கிலிருந்து நழுவும். காலி வண்டி முகத்தை மேலே வைத்து ஏறினால் முன் சக்கரங்களின் மேலுள்ள எடை குறையும். இழுவையும் பிரேக்கும் அந்தச் சக்கரங்களில் இருப்பதால் பிடிப்பு போய்விடும்.

ஓஷா விதி 10 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் லோடு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. 10 சதவீதம் என்றால் 10 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம். சரிவில் திரும்பக் கூடாது, குறுக்காக ஓட்டக் கூடாது. காரணம் இனி சொல்லாமலே தெரியும்: எடை மையத்தின் தூக்குநூல் முக்கோணத்தின் பள்ளப் பக்கக் கோட்டை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

இதில் ஒரு முரண் வரும், தேர்வாளர்களும் அதைத் தேடிக் கேட்பார்கள். லோடு பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் உயரமான லோடோடு சரிவில் ஏறும்போது முன்னோக்கித்தான் போக வேண்டும். அங்கே வழிகாட்ட ஒருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் வண்டிக்கு எட்டாத, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த நொடியில் வண்டியை நிறுத்துங்கள்.

கவிழ ஆரம்பித்துவிட்டால்

குதிக்காதீர்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் குதிப்பது. குதித்தவர் விழுகிற இடத்திலேயே தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூண்டின் கம்பி வந்து விழும். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். பின்பக்கமாக ஏறி நின்றுகொண்டு ஓட்டும் வண்டிகளுக்கு மட்டும் விதி வேறு: பின்னோக்கி இறங்கி விலக வேண்டும். எந்த வண்டியைப் பற்றிய கேள்வி என்று படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்

செய்முறைத் தேர்வு சாவி திருகும்போது ஆரம்பிப்பதில்லை. வண்டியைச் சுற்றி வரும்போதே மதிப்பெண் ஓடுகிறது. ஓஷா விதிப்படி நாளுக்கு ஒருமுறையாவது, வேலைக்கு எடுப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். இரவு பகலாக ஓடும் வண்டியை ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பின்னும்.

முதலில் சாவி போடாமல் ஒரு சுற்று. தரையில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்குங்கள். டயரில் துண்டு பெயர்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் தாழும். முக்கோணமே சாய்ந்துவிடும், அதனால் அது சின்னக் குறை இல்லை. ஃபோர்க்கின் குதிகால், அதாவது எல் போல வளையும் இடம், அதிகம் தேயும். முதலில் இருந்த தடிமனில் 10 சதவீதம் தேய்ந்தால் ஃபோர்க்கைக் கழற்றி மாற்ற வேண்டும், 40 மி.மீ. 36 ஆனால் அது முடிந்தது. 10 சதவீதத் தேய்மானம் தாங்குதிறனில் சுமார் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டு ஃபோர்க்குகளின் நுனி உயரத்தில் வித்தியாசம் ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1070 மி.மீ. ஃபோர்க்கில் அது 32 மி.மீ. ஃபோர்க்கைப் பூட்டும் பின்கள் உட்கார்ந்திருக்கின்றனவா, மாஸ்ட் செயின்கள் இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். செயின் 3 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும். அளப்பது மெக்கானிக் வேலை, ஆனால் எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது உங்கள் வேலை. ஹைட்ராலிக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாக அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பேட்டரி வண்டி என்றால் கேபிள், மூடிகள், நீர் மட்டம் பார்க்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் நெருப்பு, பீடி, சிகரெட் கூடாது. அமிலக் கலவை தயாரிக்கும்போது அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கேஸ் வண்டி என்றால் சிலிண்டர் கட்டியிருக்கும் விதம், ரப்பர் குழாய், வாசனை. கேஸ், டீசல் வண்டி எதுவானாலும் மூடிய கிடங்கில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு கை, கால்களில் மூன்று எப்போதும் வண்டியில் பதிந்திருக்கும்படி ஏறி, பெல்ட் போட்டு, வண்டியை இயக்கி, ஹார்ன், விளக்கு, பிரேக், கை பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைச் சோதியுங்கள். மாஸ்ட்டை முழு உயரத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்குங்கள், முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்; மேலே விளக்கோ குழாயோ இல்லாத இடத்தில்.

குறை கண்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி நிச்சயம் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் சொல்லலாம் என்பது தவறான பதில். நானே இறுக்கிவிடுவேன் என்பதும் தவறு. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, பயன்படுத்தக் கூடாது என்று அட்டை மாட்டி, பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். பழுது பார்ப்பது அதற்கு அனுமதி பெற்றவர் மட்டும்.

கார் ஓட்டத் தெரிந்தவர்களின் தொல்லை

கார் ஓட்டத் தெரிவது ஃபோர்க்லிஃப்டில் பாதி உதவி, பாதி இடைஞ்சல். இங்கே திரும்புவது பின் சக்கரம். முன்னோக்கி வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் வீசும். அங்கே ரேக்கின் கால் இருந்தால் இடிக்கும், ஆள் இருந்தால் நசுங்குவார். காரில் உள்மூலையை விட்டு விலகி வாங்குவீர்கள். இங்கே முன் சக்கரத்தை உள்மூலைக்கு அருகில் கொண்டுபோய், பின்பகுதி வீச வெளியே இடம் விட்டுத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் குமிழை இடக்கையால் பிடித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பழகுங்கள். சக்கரம் வேகமாகத் திரும்பிவிடும் என்பதால் பெரிதாக வாங்கினால் எதிர்ப்பக்கம் போய் நிற்பீர்கள்.

இன்னொன்று இடக்கால் மிதி. டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச் இல்லாமல் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் அது இன்ச்சிங் மிதி. கொஞ்சம் மிதித்தால் இழுவை துண்டாகும், மேலும் மிதித்தால் பிரேக் பிடிக்கும். எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல் மாஸ்ட்டை ஏற்றிக்கொண்டே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த அது வேண்டும். கிளட்ச் என்று நினைத்து முழுக்க அமுக்குகிறவர்கள் வண்டியைக் குலுக்கி நிறுத்தி லோடை ஆட்டிவிடுகிறார்கள்.

பேலட் வைப்பதும் எடுப்பதும்

செய்முறையின் முக்கியப் பகுதி இது. கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டுவதைவிட இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 2.5 டன் வண்டி செங்கோணமாகத் திரும்பி அடுக்கச் சுமார் 3.5 முதல் 4 மீட்டர் அகலப் பாதை வேண்டும்; பயிற்சி செய்யும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ரேக்கில் வைப்பதற்கு, லோடைத் தாழ்த்தி நேராக வந்து, ரேக்கின் முன் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் நில்லுங்கள். வண்டி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மாஸ்ட்டை உயர்த்துங்கள். ரேக்கின் குறுக்குச் சட்டமான பீமைவிட 10 செ.மீ.போல் மேலே கொண்டுபோய், மெதுவாக உள்ளே செலுத்தி, மாஸ்ட்டைச் செங்குத்தாக்கி, இறக்கி வையுங்கள். ஃபோர்க் பேலட்டைத் தொடாமல் தளர்ந்திருக்கும் உயரத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு இரு தோள்களுக்கு மேலும் பின்னால் பார்த்து, நேராகப் பின்வாங்குங்கள். ஃபோர்க் நுனி ரேக்கை முழுதும் விட்டு வந்தபின் நிறுத்தி, ஃபோர்க்கை இறக்கி, அதன் பிறகே திரும்புங்கள். பின்வாங்கும்போதே திருப்ப ஆரம்பித்தால் நுனி எதிர்ப்பக்கம் வீசிப் பக்கத்துப் பேலட்டைக் கிழிக்கும். அவசரத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

எடுக்கும்போது ஃபோர்க்குகளை லோடு அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக வையுங்கள். லோடின் ஆழத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். லோடு ஃபோர்க்கின் குதிகாலை ஒட்டி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மேலே போட்ட லோடு சென்டர் கணக்கே பொய்த்துவிடும். 1070 மி.மீ. ஃபோர்க்கை 1000 மி.மீ. ஆழப் பேலட்டில் முழுக்கச் செலுத்தினால் நுனி 70 மி.மீ. வெளியே நீட்டும். பின்னால் இன்னொரு பேலட் இருந்தால் அதையும் தூக்கும், அல்லது தள்ளிக் கீழே போடும். அந்த இடத்தில் முழுக்கச் செலுத்தாமல் நிறுத்தி, சிறிது தூக்கி வெளியே இழுத்து வைத்து, மீண்டும் குதிகால் வரை செலுத்தி எடுக்க வேண்டும்.

லாரிக்குள் ஏறும் பகுதி இருந்தால், லாரியின் பிரேக்கும் சக்கரக் கட்டையும் போட்டிருப்பதை இறங்கிப் பாருங்கள். லாரிக்கும் மேடைக்கும் இடையே போடும் டாக் பிளேட்டின் தாங்குதிறனை லோடோடு மட்டும் ஒப்பிடுகிறவர்கள் உண்டு. 2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 3.5 முதல் 4 டன். லோடோடு 6 டன்னைத் தாண்டும்.

நிறுத்தும்போது ஃபோர்க் முழுதும் தரையில், நுனி தரையைத் தொடும்படி மாஸ்ட் சற்றே முன்னால், நியூட்ரல், கை பிரேக், எஞ்சின் நிறுத்தம், சாவி கையில். ஓட்டுநர் 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் தள்ளிப் போனாலோ, வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ அது ஆளில்லாத வண்டி என்று ஓஷா விதி கணக்கிடுகிறது. சரிவில் விட்டால் சக்கரத்துக்குக் கட்டை. முன்னால் போகும் வண்டிக்கு மூன்று வண்டி நீள இடைவெளி, பாதைகள் குறுக்கிடும் இடத்தில் வேகம் குறைத்து ஹார்ன், தூக்கிய ஃபோர்க்கின் கீழ் யாரும் நிற்காமை, கூட யாரையும் ஏற்றாமை: இவை எழுத்துத் தேர்வில் நேரடியாக வரும். எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

செய்முறையில் மதிப்பெண் குறையும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூம்பை லேசாக உரசுவது, ஒரே முயற்சியில் நேராக நுழையாமல் பின்வாங்கித் திருத்துவது போன்றவற்றுக்குச் சில புள்ளிகள் போகும். பின்னால் பார்க்காமல் பின்வாங்குவது, லோடை உயர்த்தி வைத்துத் திரும்புவது, பெல்ட் போடாதது, லோடைக் கீழே போடுவது ஆகியவற்றைத் தேர்வாளர் மன்னிக்க மாட்டார். ஆகவே திருத்திக்கொள்ளத் தயங்காதீர்கள். கோணம் சரியில்லை என்று பட்டால் ஃபோர்க்கை இறக்கி, பின்வாங்கி, மறுபடி வாருங்கள்.

சான்றிதழ் எதற்குச் செல்லும்

பிரிட்டனில் பயன்படும் எல்117 என்ற நடைமுறைத் தொகுப்பு பயிற்சியை மூன்றாகப் பிரிக்கிறது: அடிப்படைப் பயிற்சி, குறிப்பிட்ட வேலைக்கான பயிற்சி, அந்த இடத்தில் மேற்பார்வையோடு பழகிக்கொள்வது. நீங்கள் எழுதும் தேர்வு பொதுவாக முதல் பகுதியை மட்டுமே அளக்கிறது. கவுண்டர்பேலன்ஸ் சான்றிதழை வைத்துக்கொண்டு ரீச் டிரக்கில் ஏற முடியாது. ரீச் டிரக்கில் மாஸ்ட்டோ ஃபோர்க்கோ முன்னும் பின்னும் நகரும், முன் கால்கள் நீண்டு லோடைத் தாங்கும், பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். முக்கோணத்தின் கணக்கே வேறு. புதிய வேலையிடத்தில் சேர்ந்ததும் அங்குள்ள வண்டியின் தகட்டைப் படியுங்கள், லீவர்களின் வரிசையைக் காலி வண்டியில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள், சரிவும் தாழ்ந்த கூரையும் எங்கே, நடந்து போகிறவர்கள் எந்தப் பாதையில் வருகிறார்கள் என்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு முதல் பேலட்டை எடுக்கலாம்.